கட்டலினா விமானமும் எங்கள் ஊர்க் கேள்வியும்



பாடசாலைக் கண்காட்சியில் எங்கள் மேசையடிக்கு வந்த எல்லோருக்கும் முதலில் நன்றி. வந்தவர்களில் பாதிப்பேர் கேட்டது ஒரே கேள்விதான். "சேர், இது போட்டா, பிளேனா?" இரண்டும்தான் என்று அங்கேயே பதில் சொன்னோம்.

இன்னொரு கேள்வியை எங்கள் மேசையில் யாரும் கேட்கவில்லை. கண்காட்சிக்கு முன்னும் பின்னும் அது தேநீர்க் கடையிலும் சந்தியிலும் வட்ஸ்அப் குழுக்களிலும் சுற்றிக்கொண்டிருக்கிறது. அதற்கும் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. அந்தப் பதில் இந்த விமானத்தின் கதைக்குள்ளேயே இருப்பதால் முதலில் விமானத்தைப் பற்றி எழுதுகிறோம். பதிவு நீளம். இப்போது நேரமில்லாதவர்கள் இஷாவுக்குப் பிறகு ஆறுதலாக வாசியுங்கள்.

நாங்கள் என்றால் தரம் 8, 9 பிள்ளைகள் எட்டுப் பேர், கைப்பணி படிப்பிக்கும் மிஸ், வரலாறு படிப்பிக்கும் இந்தப் பதிவை எழுதுபவர். பதிவு முழுக்க "நாங்கள்" என்றுதான் இருக்கும். அதற்குக் காரணம் உண்டு.

கட்டாரில் வேலை செய்யும் எங்கள் பழைய மாணவர் ஒருவர் 2019 தொடக்கத்தில் லீவில் வந்தபோது ஒரு பெட்டியைக் கொண்டுவந்து தந்தார். கட்டலினா என்ற வேவு விமானத்தின் பிளாஸ்ரிக் மொடல் கிட். "சேர், நீங்க கொக்கல பிளேன் கதை செல்லித் தந்தீங்களே, அதே பிளேன்" என்றார். அடுத்த தவணையில் பிள்ளைகளோடு சேர்ந்து செய்வோம் என்று வைத்திருந்தோம்.

அதற்குள் ஏப்ரல் 21 வந்தது.

அதன் பிறகு வந்த வாரங்களை நாங்கள் எழுதித்தான் உங்களுக்குத் தெரிய வேண்டும் என்றில்லை. எந்த வீட்டில் எதை ஒளித்தார்கள், எதை எரித்தார்கள், எதைக் கிணற்றில் போட்டார்கள் என்று எல்லோருக்கும் ஒரு கதை இருக்கிறது. எங்கள் வீட்டில் ஒளித்தது இந்தப் பெட்டியை. மேலே போர் விமானத்தின் படம். சோதனைக்கு வருகிறவருக்கு இது பிள்ளைகள் ஒட்டி விளையாடும் சாமான் என்று எந்த மொழியில் விளங்கப்படுத்துவது? பழைய பெட்சீற்றில் சுற்றி, அலுமாரிக்கு மேலே, கூரைத் தகட்டுக்குக் கீழே தள்ளி வைத்தோம். பிறகு கொரோனா வந்தது, பொருளாதார நெருக்கடி வந்தது. பெட்டி அங்கேயே ஐந்து வருடத்துக்கு மேல் கிடந்தது. 2024 கடைசியில் வீட்டுக்குப் பெயின்ற் அடிக்க அலுமாரியை இழுத்தபோதுதான் கண்ணில் பட்டது.

பெட்டியைத் திறந்தால் கூரைச் சூட்டில் இறக்கை வாழையிலை மாதிரி வளைந்திருந்தது. ஒட்டும் படங்களின் தாள் மஞ்சளாகியிருந்தது. பிள்ளைகளுக்கு முகம் விழுந்துவிட்டது. ஆனால் பிளாஸ்ரிக்கை வளைத்தது சூடு என்றால் நிமிர்த்துவதும் சூடுதான். கொதித்து இறக்கிய தண்ணீரைத் தட்டில் ஊற்றி, இறக்கையை அதில் சிறிது நேரம் வைத்து, மெதுவாக எதிர்ப்பக்கம் வளைத்துப் பிடித்து, குளிர்ந்த தண்ணீரில் போட்டோம். நான்கு தடவை செய்தபோது நேரானது. மஞ்சள் தாளை பிளாஸ்ரிக் பையில் போட்டு யன்னல் கண்ணாடியில் ஒட்டி வெயில் படவிட்டோம். இரண்டு கிழமையில் மஞ்சள் பெரும்பாலும் போய்விட்டது.

இந்தக் கிட் 72க்கு 1 என்ற அளவு. உண்மையான விமானத்தின் 72 சென்ரிமீற்றர் இதில் ஒரு சென்ரிமீற்றர். கணக்குப் பாடத்தில் விகிதம் என்றால் கொட்டாவி விடும் பிள்ளைகள் இங்கே அடித்துப்பிடித்துக் கணக்குப் போட்டார்கள். கட்டலினாவின் இறக்கை ஒரு நுனியிலிருந்து மறு நுனி வரை ஏறக்குறைய 31.7 மீற்றர். எங்கள் மொடலில் 44 சென்ரிமீற்றர். சாதாரண உயரமுள்ள ஒரு மனிதர் இதில் இரண்டேகால் சென்ரிமீற்றருக்குச் சற்றுக் கூட.

இனி கொக்கலக் கதை. காலியிலிருந்து வெலிகம போகும் பஸ்ஸில் கொக்கலயைத் தாண்டும்போது சுதந்திர வர்த்தக வலயமும் சின்ன விமானத்தளமும்தான் தெரியும். உள்ளே வாவி இருக்கிறது. இரண்டாம் உலகப் போரில் அந்த வாவிதான் ஓடுபாதை. தண்ணீரில் இறங்கி, தண்ணீரிலிருந்தே எழும்பும் கட்டலினா விமானங்கள் அங்கே நின்றன. அந்தத் தளத்துக்காகக் கொக்கல ஊர்ச் சனங்களை மிகக் குறுகிய அவகாசத்தில் எழுப்பி அனுப்பினார்கள். எழுத்தாளர் மார்ட்டின் விக்கிரமசிங்க பிறந்த வீடு அப்போது தப்பியது. அது இன்று நூதனசாலை. பிள்ளைகளில் பலர் சுற்றுலா போய்ப் பார்த்திருக்கிறார்கள். ஆனால் பக்கத்து வாவியில் விமானம் நின்ற கதை அவர்களுக்குத் தெரியாது.

1942 ஏப்ரல் 4 ஆம் திகதி, சனிக்கிழமை. கனேடிய விமானப் படையின் 413 ஆவது அணியைச் சேர்ந்த ஒரு கட்டலினா விடியும் முன்னே கொக்கல வாவியிலிருந்து எழும்பியது. உள்ளே ஒன்பது பேர். தலைவர் லெனர்ட் பேர்ச்சல், 26 வயது. இலங்கைக்கு வந்து இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. வேலை, தெற்கே கடலைப் பார்ப்பது. நாள் முழுக்கப் பறந்தும் கடலைத் தவிர ஒன்றுமில்லை. திரும்பும் நேரத்தில், இலங்கைக்குத் தெற்கே ஏறக்குறைய 350 கடல் மைலில், அடிவானத்தில் சில புள்ளிகள் தெரிந்தன. அப்படியே திரும்பியிருக்கலாம். கிட்டப் போய்ப் பார்த்தார்கள். அட்மிரல் நகுமோவின் கப்பற்படை. ஐந்து விமானந்தாங்கிக் கப்பல்கள், நான்கு போர்க் கப்பல்கள், இன்னும் பல. நான்கு மாதத்துக்கு முன் பேர்ள் துறைமுகத்தைத் தாக்கிய அதே படை.

எங்கள் பிள்ளைகளில் ஒருவர் இந்தத் தூரத்தையும் 72ஆல் பிரித்துப் பார்த்தார். 350 கடல் மைல் என்றால் 648 கிலோமீற்றர். எங்கள் அளவில் 9 கிலோமீற்றர். அதாவது, எங்கள் மொடல் கொக்கலயிலிருந்து புறப்பட்டால் அஹங்கமயைத் தாண்டி மிதிகமப் பக்கம் போய்த்தான் அந்தக் கப்பல்களைக் காணும். உள்ளங்கையில் இரண்டு சென்ரிமீற்றர் மனிதனை நினைத்துக்கொண்டு மிதிகம மட்டும் யோசித்தால்தான் அந்த ஒன்பது பேர் எவ்வளவு தனியாக இருந்தார்கள் என்று விளங்கியது.

வேலையைத் தொடங்கியபோதே ஒரு சிக்கல் தெரிந்தது. எங்கள் கிட்டில் இருந்தது சக்கரம் வைத்த கட்டலினா, தரையிலும் இறங்கக்கூடிய வகை. பேர்ச்சல் ஓட்டியதோ அதற்கு முந்திய வகை. அதற்குச் சக்கரமே இல்லை, முழுக்க முழுக்கத் தண்ணீர் விமானம். கரைக்கு இழுக்கும்போது மட்டும் வெளியே சக்கரம் பூட்டுவார்கள். ஆகவே கிட்டில் உள்ளபடி செய்தால் அது கொக்கல விமானம் ஆகாது. "பார்க்கிற ஆக்களுக்கு வித்தியாசம் தெரியவா போகுது?" என்று ஒரு பிள்ளை கேட்டது. தெரியாதுதான். எங்களுக்குத் தெரியுமே. மாற்றுவதென்று முடிவெடுத்தோம்.

உடலின் இரண்டு பக்கமும் சக்கரம் மடங்கி உட்காரும் பெரிய குழி, மூக்குக்குக் கீழே இன்னொன்று. மூன்றையும் அடைக்க வேண்டும். முதலில் ஐஸ்கிறீம் பெட்டி மூடியை வெட்டி சுப்பர் குளூவில் ஒட்டினோம். மறுநாள் பார்த்தால் கையில் கழன்று வருகிறது. அந்த வகைப் பிளாஸ்ரிக்கில் பசை பிடிக்காது என்று அப்போதுதான் படித்தோம். பிறகு காலாவதியான வங்கி அட்டைகளை வெட்டிப் போட்டோம். அது நின்றது. அதற்கு மேலே கட்டலோய். வாகன டிங்கரிங் கடை வைத்திருக்கும் ஒரு பிள்ளையின் வாப்பா சின்ன டின்னில் தந்து, கலக்கும் அளவையும் காட்டித் தந்தார். "மெல்லிசா மெல்லிசா பூசுங்கோ, ஒரேயடியா அப்பினா வெடிக்கும்" என்றார். பூசுவது, காயவிடுவது, தண்ணீர் தொட்டு சேண்ட் பேப்பரால் தேய்ப்பது. ஐந்து புதன்கிழமைகள் இதற்கே போயின. கடைசியில் கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவிப் பார்த்தோம். குழி இருந்த இடம் விரலுக்குத் தெரியாவிட்டால் சரி. கண்ணை ஏமாற்றலாம், விரலை ஏமாற்ற முடியாது.

நோன்பு மாதத்தில் வேலையை நிறுத்திவைத்தோம். பசை நாற்றமும் நோன்பும் ஒத்துவராது. ஆனால் அந்த மாதத்தில்தான் ஊரில் 90 வயது தாண்டிய ஒரு மூத்தவாப்பாவைப் பார்க்கப் பிள்ளைகளைக் கூட்டிப் போனோம். அரைகுறை மொடலைக் கையில் கொடுத்தோம். நீண்ட நேரம் தடவித் தடவிப் பார்த்தார். அவர் சின்ன வயதில் உறவினர் வீட்டுக்கு ஹபராதுவப் பக்கம் போனபோது பார்த்திருக்கிறார். "தண்ணியக் கிழிச்சிக்கொண்டு எழும்பும். எழும்பினதும் இந்த மிதக்கிற கட்டைய மேல மடக்கிக்கொள்ளும், பறவை காலை மடக்கிற மாதிரி. நீங்க இதை இறக்கி வெச்சீக்கிறீங்களே" என்றார்.

அவர் சொன்னது முழுக்க உண்மை. கட்டலினாவின் இறக்கை நுனிக்குக் கீழே உள்ள மிதவைகள் பறக்கும்போது மேலே மடங்கி இறக்கையின் நுனியாகவே மாறிவிடும். நாங்கள் விமானத்தைப் பறக்கும் நிலையில் வைக்கத் தீர்மானித்திருந்தோம். மிதவையை மட்டும் தண்ணீரில் நிற்கும் நிலையில் ஒட்டிவிட்டோம். பெருநாளுக்குப் பிறகு ஒட்டியதை அறுத்து, தாங்கு கம்பிகளை வெட்டி எடுத்து, மிதவையை மேலே ஏற்றிப் பொருத்தினோம். வலதுபக்கம் லேசாகச் சரிவு. இடதுபக்கம் மிகச் சரியாக வந்தது. அதைச் செய்த பிள்ளையைப் பற்றிப் பின்னால் சொல்கிறோம்.

உடலின் பின்பகுதியில் இரண்டு பக்கமும் கண்ணாடிக் கொப்புளம் மாதிரி இரண்டு யன்னல்கள் உண்டு. கடலைப் பார்ப்பவர்கள் அங்கேதான் இருப்பார்கள். அதையும் சுப்பர் குளூவில் ஒட்டினோம். பெரிய பிழை. காயும்போது வந்த ஆவி கண்ணாடியில் படிந்து, கற்றராக்ட் வந்த கண் மாதிரி வெள்ளையாகிவிட்டது. கண்ணாடிப் பாகத்துக்கு வெள்ளைப் பசைதான் போட வேண்டும் என்று பிறகு அறிந்தோம். பற்பசையும் பஞ்சும் வைத்து மிஸ் இரண்டு நாள் தேய்த்தார். ஒன்று தெளிந்தது. மற்றது இன்றும் கொஞ்சம் மங்கல்தான். கண்காட்சியில் பார்த்தவர்கள் கவனித்திருப்பீர்கள்.

கிட்டில் விமானிகளின் சின்ன உருவங்களும் இருந்தன. ஒரு உம்மாவுக்கு அது மனதுக்குச் சரிப்படவில்லை. அதனால் ஆசனங்களை மட்டும் வைத்தோம். இறக்கைக்கும் உடலுக்கும் நடுவே உள்ள தூணுக்குள்ளும் ஒரு ஆசனம் உண்டு. இயந்திரத்தைக் கவனிப்பவர் அங்கேதான் இருப்பார். வெளியிலிருந்து தெரியாது. தெரியாவிட்டாலும் அதையும் வைத்தோம்.

விமானம் எதற்கு என்று பேசிக்கொண்டிருந்த ஒரு நாள் ஒரு பிள்ளை கேட்டது: "சேர், வேவு பார்க்கிறது மார்க்கத்துல கூடாதுதானே? அப்ப இதைச் செய்றது சரியா?" நல்ல கேள்வி. மௌலவி ஒருவரிடமும் கேட்டோம். அடுத்தவரின் குறையைத் துருவித் தேடுவதும் அதை ஊரில் பரப்புவதும் வேறு. எல்லோரும் தூங்கும்போது விழித்திருந்து ஆபத்தைப் பார்த்துச் சொல்வது வேறு. முந்தியது பாவம், பிந்தியது காவல். இரண்டும் வெளியிலிருந்து பார்க்க ஒன்று போலத் தெரியும். அதனால்தான் நாங்கள் குழம்பிப்போகிறோம்.

கட்டலினாவிலும் துப்பாக்கிகள் இருந்தன. ஆனால் ஸீரோ போர் விமானத்தின் வேகத்தில் ஏறக்குறைய பாதிதான் அதற்கு. ஓடித் தப்ப முடியாது, எதிர்த்து வெல்லவும் முடியாது. அதனிடம் இருந்த ஒரே பெரிய ஆயுதம் வானொலி. பேர்ச்சலின் ஆட்கள் கண்டதும் செய்த முதல் வேலை தகவல் அனுப்பியதுதான். எத்தனை கப்பல், எந்த இடம், எந்தத் திசை, எந்த வேகம். மூன்று தடவை அனுப்ப வேண்டும் என்பது முறை. மூன்றாவது தடவை அனுப்பிக்கொண்டிருக்கும்போதே குண்டுகள் வந்து வானொலியை உடைத்தன. விமானம் கடலில் விழுந்தது. ஒன்பது பேரில் மூன்று பேர் இறந்தார்கள். ஆறு பேரை ஜப்பானியக் கப்பல் பிடித்தது.

தகவல் குறையாகத்தான் வந்து சேர்ந்தது. ஆனாலும் விளங்கியது. இரவோடிரவாகக் கொழும்புத் துறைமுகத்திலிருந்து பல கப்பல்களை வெளியே அனுப்பினார்கள். மறுநாள் ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறு. காலையில் நூற்றுக்கும் மேற்பட்ட ஜப்பானிய விமானங்கள் கொழும்புக்கு வந்தன.

எல்லாம் காப்பாற்றப்பட்டது என்று பிள்ளைகளுக்கு நாங்கள் சொல்லவில்லை. எச்சரிக்கை கிடைத்தும், காலையில் இரத்மலானையில் எங்கள் பக்க விமானங்கள் தரையில் நிற்கும்போதே எதிரி தலைக்கு மேலே வந்துவிட்டான். துறைமுகத்தில் இரண்டு போர்க் கலங்கள் மூழ்கின. தெற்குக் கடலில் கோர்ன்வோல், டோசெற்சயர் என்ற இரண்டு பெரிய கப்பல்கள் மூழ்கி 424 பேர் இறந்தார்கள். அங்கொடை மனநோய் மருத்துவமனையிலும் குண்டு விழுந்தது. நான்கு நாள் கழித்துத் திருகோணமலையும் தாக்கப்பட்டது. தகவல் வந்தால் மட்டும் போதாது. வந்த தகவலை வைத்து விடியும் முன் என்ன செய்தோம் என்பதில்தான் மீதி இருக்கிறது.

இந்த இடத்தில் ஒரு பிள்ளை தானாகவே சொன்னது: "சேர், 2019லும் ஏப்ரல் 4தானே." வகுப்பு அமைதியாகிவிட்டது. உண்மைதான். 2019 ஏப்ரல் 4 ஆம் திகதி வெளிநாட்டிலிருந்து எங்கள் நாட்டுக்கு எச்சரிக்கை வந்தது. ஈஸ்டர் ஞாயிறு வர இன்னும் பதினேழு நாள் இருந்தது. எங்கள் சமூகத்துக்குள்ளிருந்தே அதற்கு வருடங்களுக்கு முன்னர் முறையிட்டவர்களும் இருந்தார்கள். 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், தகவல் இருந்தும் தடுக்கத் தவறினார்கள் என்று கூறி, அப்போதைய ஜனாதிபதி உட்படப் பொறுப்பிலிருந்தவர்கள் நட்டஈடு கட்ட வேண்டும் என்று தீர்ப்பளித்தது. 1942இல் ஒரு பின்னேரமும் ஓர் இரவும்தான் இருந்தன. எங்களுக்குப் பதினேழு நாள் இருந்தது.

பிடிபட்ட ஆறு பேருக்கு என்ன நடந்தது என்பதை அடுத்த புதன்கிழமை சொன்னோம். கப்பலில் வைத்து அடித்துக் கேட்டார்கள், தகவல் அனுப்பினீர்களா என்று. இல்லை என்றார்கள். அந்த நேரம் பார்த்துக் கொழும்பிலிருந்து வானொலியில் அந்தக் கட்டலினாவை அழைத்து, தகவலைத் திரும்பச் சொல்லும்படி கேட்டார்கள். ஜப்பானியர் அதைக் கேட்டுவிட்டார்கள். பிறகு இன்னும் அடி. கொழும்பில் இருந்தவர் கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. ஆனால் அவர் கேட்ட கேள்வியே சொன்னவர்களைக் காட்டிக்கொடுத்துவிட்டது.

பேர்ச்சல் 1945 வரை சிறை முகாமில் இருந்தார். அங்கேயும் நோயாளிக் கைதிகளுக்காகக் காவலரை எதிர்த்து நின்று அடி வாங்கினார். போருக்குப் பிறகு இலங்கையைக் காப்பாற்றியவர் என்று பெயர் வந்தது. 2004 இல் காலமானார். அவரது பெயர் எல்லோருக்கும் தெரியும். வானொலிச் சாவியைத் தட்டியவரின் பெயரைக் கேட்டால் யாருக்கும் வராது.

அந்தக் கிழமை எங்கள் வேலை அன்ரெனாக் கம்பி போடுவது. வாலிலிருந்து இரண்டு இறக்கைக்கும் போகும் கம்பி. கிட்டில் அது இல்லை, நாங்களே செய்ய வேண்டும். பாகங்களைத் தாங்கும் பிளாஸ்ரிக் குச்சியை மெழுகுதிரிச் சூட்டில் காட்டி, இளகியதும் இரண்டு பக்கமும் இழுத்தால் தலைமுடி மாதிரி இழை வரும். வேகமாக இழுத்தால் அறும், மெதுவாக இழுத்தால் தடிக்கும். பல தடவை அறுந்தது. ஒட்டிய பிறகும் யாரோ ஒருவரின் சட்டைக் கை பட்டு அறுந்தது. விமானத்தில் மிக மெல்லிய சாமான் இதுதான். இது இல்லாமல் அந்த விமானத்துக்கு வேலையே இல்லை.

அடுத்த நாள், எங்களில் ஒருவர் ஒரு விஷயம் சொன்னார்.

ரியூஷன் வகுப்பு விடும் நேரத்தில் ஒரு த்ரீவீலர் வந்து நிற்கிறது. பெரிய வகுப்புப் பையன்கள் சிலருக்கு மாத்திரை கொடுக்கிறார்கள். முதலில் காசில்லாமல். பிறகு காசுக்கு. இது ஒரு மாதமாக நடக்கிறது. சொன்னவர் யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தது, காட்டிக்கொடுக்கிறவர் என்ற பெயர் வருமே என்ற பயத்தில்.

இனி நாங்கள் சொல்வது எங்கள் பிழை. கேட்ட நாங்கள் இரண்டு நாள் ஒன்றும் செய்யவில்லை. ஊர்ப் பெயர் கெடும், பாடசாலைப் பெயர் கெடும், விற்கிறவனுக்குப் பின்னால் யார் நிற்கிறார்களோ, பொய்யாக இருந்தால் என்ன செய்வது. இப்படி எல்லா நியாயமும் வந்தது. மேசையில் அந்த விமானத்தை வைத்துக்கொண்டு, பதினேழு நாளைப் பற்றிப் பிள்ளைகளுக்குப் பெரிதாகப் பேசிய நாங்கள், எங்களுக்கு வந்த தகவலை இரண்டு நாள் சட்டைப் பையில் வைத்திருந்தோம். மூன்றாம் நாள்தான் அதிபரிடம் போனோம். பிறகு பெற்றோர் சிலரிடமும் பள்ளிவாசல் நிர்வாகத்திடமும் பேசி, எல்லோரும் சேர்ந்து பொலிஸுக்கு அறிவித்தோம். இப்போது அந்த த்ரீவீலர் வருவதில்லை. சில வீடுகளில் வாப்பாமார் மகன்மாரோடு உட்கார்ந்து பேசத் தொடங்கியிருக்கிறார்கள். அல்ஹம்துலில்லாஹ்.

ஆனால் அடுத்த ஜும்ஆவுக்குள் ஊர் முழுக்க ஒரு கேள்வி: "யார் சொன்னது?"

எத்தனை பிள்ளைகள் மாத்திரை போட்டார்கள் என்று கேட்டவர்கள் குறைவு. இன்னொரு த்ரீவீலர் வேறு சந்தியில் நிற்கிறதா என்று கேட்டவர்கள் அதைவிடக் குறைவு. யார் சொன்னது என்று கேட்டவர்கள்தான் கூட. பெரும்பாலானோர் கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை என்று எங்களுக்குத் தெரியும். பாராட்டத்தான் கேட்டோம் என்றும் சிலர் சொன்னார்கள். கொழும்பிலிருந்து கேட்டவரும் கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை.

இந்தப் பேச்சு கிளம்பியதும் ஒரு பெற்றோர் பயந்து தன் பிள்ளையை எங்கள் குழுவிலிருந்து எடுத்துவிட்டார். இடது மிதவையைச் செய்த பிள்ளை. அந்தப் பெற்றோர் மீது எங்களுக்கு எந்த வருத்தமும் இல்லை. அவரது இடத்தில் இருந்தால் நாங்களும் அதைத்தான் செய்திருப்போம். ஒன்று மட்டும் தெளிவாகச் சொல்கிறோம். குழுவை விட்டுப் போன பிள்ளைதான் சொன்னது என்று யாரும் கணக்குப் போட வேண்டாம். அப்படிக் கணக்குப் போட எங்களிடமிருந்து எந்தத் துப்பும் கிடைக்காது. எட்டுப் பிள்ளைகளும், மிஸ்ஸும், இதை எழுதுபவரும், பத்துப் பேரும் சேர்ந்துதான் சொன்னோம். யாராவது கேட்டால் எங்கள் பத்துப் பேரிடமும் வந்து கேளுங்கள். பதில் ஒன்றுதான்: நாங்கள் சொன்னோம்.

உங்களிடம் இரண்டு வேண்டுகோள்.

உங்கள் பிள்ளை வீட்டுக்கு வந்து ஏதாவது சொன்னால், "உனக்கென்ன அந்த வேலை" என்று முதல் வார்த்தையிலேயே அடைத்துவிடாதீர்கள். எங்களைப் போல இரண்டு நாள் வைத்திருக்கவும் வேண்டாம்.

ஊரில் யாராவது ஒரு ஆபத்தைச் சொன்னால், சொன்னவரைத் தேடாதீர்கள். சொன்னதைத் தேடிப் பாருங்கள். உண்மையா என்று விசாரியுங்கள், பொய்யென்றால் விட்டுவிடுங்கள். அதற்குச் சொன்னவரின் பெயர் தேவையில்லை.

விமானம் இப்போது பாடசாலை நூலகத்தில், கண்ணாடி அலுமாரியின் மேல்தட்டில் இருக்கிறது. கீழே நீலப் பலகை, அதில் கப்பல் ஒன்றும் வைக்கவில்லை. ஒரு யன்னல் மங்கல், வலது மிதவை கொஞ்சம் சரிவு. அன்ரெனா கண்காட்சியில் மறுபடி அறுந்தது, அடுத்த புதன்கிழமை மாற்றுவோம். எட்டாவது கதிரை காலியாகத்தான் இருக்கிறது. அந்தப் பெற்றோர் இதை வாசித்தால், பிள்ளையை அனுப்புங்கள். புது இழை இழுக்க நிதானமான கை ஒன்று எங்களுக்குத் தேவை.

வஸ்ஸலாம்.